ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு

பிறருக்கு உபதேசம் செய்தல் எளிது. உபதேசித்ததைத் தாமே செய்து, அதன் லாப நஷ்டங்களைத் தாமே ஏற்றல் அரிது. அவ்வரிய நெறியில் நின்ற பெரியார் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு துரையவர்கள்.

இவர் 1873-ம் வருஷம் இங்கிலாந்து தேசத்து ஷ்ராப்ஷையரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி முடித்து, 1899-ல் பயிர்நோய் ஆராய்ச்சியாளராக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். அங்கே ஆராய்ச்சிச் சாலை இருந்ததேயன்றி, உழுது பயிரிட அவர் வசம் நிலமில்லை. தாம் செய்து பாராத முறையைக் குடியானவர்க்குக் கூறத் தமக்குத் தகுதி யாது என்னும் கவலை அவர் உள்ளத்தை அரித்தது.

1905-ல் இந்நாளைய பீஹாரிலுள்ள பூஸா நிலையத்துக்குத் தாவர சாஸ்திரியாக வந்தவர், 75 ஏக்கர் நிலத்தைத் தம் பொறுப்பில் பெற்றுத் தாமே பயிரிடலானார். அயலிலுள்ள குடியானவர் பூச்சிமருந்தின்றியே நோயற்ற பயிர் விளைவிக்கக் கண்டு, அவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். தம் உழவெருதுகளையும் நல்ல தீனியிட்டுத் தாமே பேணினார். கோமாரி கண்ட அயல் மாடுகளோடு அவை மூக்குரசியும் நோய் பற்றவில்லை என எழுதி வைத்தார். ஒரு பண்ணையின் அனுபவம் எங்கும் விதியாகாது. கோமாரிக்குத் தடுப்பூசி இன்று அவசியமே. ஆயினும் தம் எருதுகளை வைத்தே தம் கொள்கையைச் சோதித்த துணிவு போற்றத்தக்கது.

1924-ல் இந்தூரில் 300 ஏக்கரில் பயிர்த்தொழில் நிலையம் கண்டார். தாவர சாஸ்திரியான அவர் மனைவி கேப்ரியேல் அம்மையார், 1930-ல் காலமாகும் வரை உடனுழைத்தார். களை, சருகு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டினால் மூன்று மாதத்தில் நல்லெரு ஆகும் என்று அங்கே காட்டினார். அதுவே இந்தூர் முறை. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அம்முறையை 1931-ல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டே இந்தியாவை விட்டகன்றார்; 1934-ல் ஸர் பட்டம் பெற்றார்; 1947-ல் காலஞ்சென்றார்.

மண்வளத்தைக் காக்க வேண்டுமென்று மேடையில் பேசுவோர் இன்று பலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதன்றோ! ஆதலின் நம் சங்கத்து அன்பர்களும் தாய்மார்களும், பிறருக்குச் சொல்லுமுன் தத்தம் கொல்லையில் ஓர் எருக்குழி வெட்டிப் பார்ப்பார்களாக. மூன்று மாதம் கழித்து அக்குழியே நமக்குப் பேசும் தகுதியைத் தரும்.