கணக்குப் பார்த்துக் கால் வைத்த தம்புசாமி பிள்ளை

தைப்பூசத்துக்கு அலோர் ஸ்டாரிலிருந்து பத்துமலைக்கு பஸ் ஏறும் நம்மில் எத்தனை பேருக்கு தம்புசாமி பிள்ளையைத் தெரியும்? 1891-இல் அந்தக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர், கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவர் என்று சிலருக்குத் தெரியும். எனக்கு அவரை வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். அது அவர் வியாபாரத்துக்கு வந்த விதம்.

நான் இயல்பிலேயே தயங்குகிற ஆள். ஐந்து வெள்ளிப் பொருளுக்கும் ரெண்டு கடை ஏறி விலை கேட்பேன். எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மாவுக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் வருவதுதான் நிம்மதி. ஆனாலும் சொந்தமாக ஒரு சமையல் கான்ட்ராக்ட் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. துணிந்தவனுக்குத்தான் தொழில் என்று எல்லாரும் சொல்லும்போது, நம்ம மாதிரி ஆளுக்கு இடமே இல்லையோ என்று தோன்றும். அப்போதுதான் தம்புசாமி பிள்ளையின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

அவர் 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தார். அங்கே ராஃபிள்ஸ் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் கிளார்க்காகச் சேர்ந்தார். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது, தம்புசாமியையும் கூடவே அழைத்து வந்தார். அப்போது அரசு அலுவலகம் கிள்ளானில் இருந்தது. புது ஊருக்கு வந்தவுடன் அவர் கடை போடவில்லை, நிலம் வாங்கிக் குவிக்கவுமில்லை. கஜானாவில் கணக்கெழுதினார். தற்காலிகமாக மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் பார்த்தார்.

கஜானாவில் உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஈயத்துக்கு எவ்வளவு வரி வருகிறது, எந்தத் தொழில் வளர்கிறது, யார் நாணயமாகக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். சம்பளமும் வாங்கிக்கொண்டு தொழிலையும் படித்த காலம் அது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அரசு வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தார். அப்போதும் தனியாக இறங்கவில்லை. ஈயச் சுரங்கத்தில் லோக் யூவோடு கூட்டுச் சேர்ந்தார். லோக் யூ கடையில் வேலை செய்து சேர்த்த 99 வெள்ளியில் சொந்தக் கடை வைத்தவர். பேராக் ஈயத்தில் பெரும் பணத்தைத் தொலைத்து, விழுந்து எழுந்தவர். சுரங்கத்தில் அடிபட்டுக் கற்றவர் ஒருத்தர், அரசாங்கத்தையும் கணக்கையும் அறிந்தவர் இன்னொருத்தர். இப்படி ஒருத்தர் குறையை மற்றவர் நிரப்பும் கூட்டுதான் தயங்குகிறவனுக்குப் பெரிய பாதுகாப்பு.

ஈயக் குழி ஆழமாக ஆகத் தண்ணீர் ஊறும். அதை இறைக்காவிட்டால் வேலை நின்றுபோகும். ரவாங்கில் இவர்கள் நடத்திய சுரங்கத்தில் 1894 வாக்கில் மின்சாரப் பம்பு ஓடியது. மலாயாவில் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். நிதானமாக வந்தவர், தேவைப்பட்ட இடத்தில் யாரும் செய்யாததைச் செய்யத் தயங்கவில்லை பாருங்கள்.

சம்பாதித்ததைத் தனக்கென்றே பூட்டி வைக்கவும் இல்லை. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் முதல் அறங்காவலர்களில் அவரும் ஒருவர். 1902-இல் சிங்கப்பூரில் காலமானார். கோலாலம்பூரில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆங்கிலப் படிப்பும், கைதூக்கிவிட ஒரு வெள்ளைக்கார முதலாளியும் அவருக்கு வாய்த்தன. அதே காலத்தில் தோட்டங்களுக்குக் கூலியாக வந்த நம் முன்னோருக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. அதனால் அவர் மாதிரி கோடீசுவரன் ஆகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் போன வரிசையை நாம் எடுத்துக்கொள்ளலாம்: முதலில் சம்பளம், கூடவே தொழில் படிப்பு, அப்புறம் சரியான கூட்டாளி, கடைசியில்தான் பெரிய முதலீடு.

அந்த வரிசையில்தான் நானும் போகிறேன். வேலையை விடவில்லை. சனி, ஞாயிறு மட்டும் சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்து, அரிசியிலிருந்து கேஸ் வரை செலவைத் தனி நோட்டில் எழுதுகிறேன். தனி ஆளாகத் தொழிலைப் பதிவு செய்தால் அதன் கடனுக்கு நம் சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஆகவே கடன் படிவத்தில், அது நம் இந்தியர்களுக்கான டெக்குன் ஸ்பூமி கடனாகவே இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நோட்டைத் திறந்து பார்ப்பேன். மாதத் தவணையைக் கட்டும் அளவுக்கு ஆறு மாதம் தொடர்ந்து லாபம் நின்றால், அன்றைக்கு அம்மாவிடம் பேசுவேன். அதற்குள் உங்களில் யாருக்காவது சமையல் கைவந்தால், மன்றத்துக்கு வரும்போது சொல்லுங்கள். எனக்கும் ஒரு கூட்டாளி வேண்டும்.