சரவாக்கின் தொன்மை காத்த டாம் ஹாரிசன்

ஆலயம் எழுப்புங்காலத்துக் கருவறையின் அடியில் பொன்னும் மணியும் தானியமும் இட்ட பேழையொன்றை வைத்து மூடுதல் ஆகமம் வகுத்த நெறி. கர்ப்பந்நியாசம் என வழங்கும் இச்சடங்கு நம் ஆலயப் பெருமக்கள் பலரும் அறிந்ததே. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பாஹாட் ஆலயத்தை 1950களின் இறுதியில் ஆய்ந்தபோது இத்தகைய கற்பேழைகள் வெளிப்பட்ட செய்தியும் நம்மவர்க்குப் புதிதன்று. ஆயின், கடல் கடந்து சரவாக் மாநிலத்திலும், கூச்சிங் நகருக்கு வடக்கே சந்துபோங் மலையடியிலும் அத்தகைய பேழையொன்று கிடைத்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை வெளிக்கொணர்ந்தவர் மானிடவியலாளர் டாம் ஹாரிசன்.

ஹாரிசன் 1911 ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் அவருடைய ஆர்வம் முழுவதும் பறவைகள் மீதே இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1932 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் சரவாக்குக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தபோதுதான் போர்னியோக் காடுகளையும் நீள்வீடுகளில் வாழும் மக்களையும் முதன்முதலாகக் கண்டார். பறவைகளைக் காண வந்தவரின் பார்வை மனிதர்பால் திரும்பியது. பின்னர் பசிபிக் தீவுகளில் சில ஆண்டுகள் தங்கினார். 1937 இல் இங்கிலாந்து திரும்பித் தம் நாட்டு மக்களின் அன்றாட வாழ்வையே அயலவர் வாழ்வை ஆராய்வதுபோல் ஆராயும் மாஸ் அப்சர்வேஷன் என்னும் அமைப்பை நண்பர் இருவருடன் தோற்றுவித்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1945 மார்ச் 25 ஆம் நாள், ஜப்பானியர் வசமிருந்த சரவாக்கின் உள்நாட்டுப் பீடபூமியான பாரியோவில் வான்குடை மூலம் சிறு குழுவினருடன் இறங்கினார். அங்கே அவர்களுக்கு உணவும் புகலும் அளித்தவர்கள் கெலாபிட் இன மக்கள். தம் உயிரைப் பணயம் வைத்து அந்நியரைக் காத்த அம்மக்களின் உதவியை ஹாரிசன் மறக்கவில்லை. போர் முடிந்தபின் பலரும் தத்தம் நாடு திரும்ப, அவர் அம்மண்ணிலேயே தங்கினார். 1947 இல் சரவாக் அரும்பொருளகத்தின் காப்பாளரானார். 1966 வரை அப்பொறுப்பை வகித்தார்.

மன்னர் சார்ல்ஸ் புரூக் காலத்தில் நிறுவப்பெற்று 1891 முதல் தனிக் கட்டடத்தில் இயங்கிவந்த அவ்வரும்பொருளகம், போரால் நலிந்திருந்தது. ஹாரிசன் அதனை மீண்டும் தழைக்கச் செய்தார். நீள்வீடுகளின் பழஞ்சாடிகளும் மரச்சிற்பங்களும் சேர்க்கப்பெற்றன; முதியோர் நாவில் மட்டும் வாழ்ந்த வழிமுறை வரலாறுகள் எழுத்தில் பதிவாயின. ஆமைகள் முட்டையிடும் தாலாங் தாலாங் தீவுகளின் பாதுகாப்பிலும் அவர் முனைந்தார். தாயை இழந்த ஓராங் ஊத்தான் குட்டிகளை அவர் துணைவியார் பார்பரா கூச்சிங்கில் தம் இல்லத்திலேயே வளர்த்துக் காட்டுக்குப் பழக்கினார்.

அவர் பெயரை உலகறியச் செய்தது நியா குகை. உழவாரக் குருவியின் கூடு எடுப்போரும், பறவை வௌவால் எச்சத்தை உரமாக அள்ளுவோரும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடம் அது. எச்சம் அள்ளும் மண்வெட்டி ஓர் அடி ஆழமாகப் போனால் பல்லாயிரம் ஆண்டுச் சான்று அழியும் என்பதை உணர்ந்து, 1954 இல் சிறிய அளவிலும் 1957 முதல் பெரிய அளவிலும் அங்கே அகழ்ந்தார். 1958 இல் பார்பராவின் மேற்பார்வையில் ஆழத்தில் மண்டையோடு ஒன்று கிடைத்தது. அருகிருந்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அவ்வாண்டே அண்மைக் குகையொன்றில் செந்நிறச் சுவரோவியங்களும் படகு வடிவச் சவப்பெட்டிகளும் கண்டறியப்பெற்றன.

இங்கே ஒரு குறையையும் சொல்லாதிருத்தல் முறையன்று. ஹாரிசன் மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்தறியாமல் அங்குலக் கணக்கில் ஆழம் அளந்தே தோண்டினார். நியா அகழாய்வின் முழு அறிக்கையையும் அவர் எழுதி முடிக்கவில்லை. அதனால் அம்மண்டையோட்டின் காலத்தை அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். அவரது கடுஞ்சொல்லும் எவரையும் பொறுக்காத இயல்பும் அவ்வையத்துக்கு மேலும் இடங்கொடுத்தன. பொருளைக் காத்தவர் அதன் குறிப்பைக் காக்கத் தவறினார் என்றே கூறவேண்டியுள்ளது. பழைய ஆலயங்களைப் புதுக்குங்கால் நம்மவரும் இவ்வாறு இழந்தவை பல.

சந்துபோங் ஆற்று முகத்துவாரத்தில் அவர் பல ஆண்டுகள் அகழ்ந்தார். சீனத்துச் சோங் காலப் பீங்கான் ஓடுகளும், இரும்பு உருக்கிய கசடுகளும் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒருகாலத்தில் அது வணிகர் வந்து தங்கிய துறையாயிருந்தது. அங்கே போங்கிசாம் என்னுமிடத்தில் 1966 இல் அமெரிக்கக் கலை வரலாற்று அறிஞர் ஸ்டான்லி ஓ கானருடன் ஆய்ந்தபோது, கல் மேடையொன்றின் நடுவே புதைத்த பேழையும் அதனுள் பொன்னாலான சிற்றுருவங்களும் வெளிப்பட்டன. அச்சிற்றாலயம் தாந்திரிக நெறி சார்ந்தது என்பது ஆய்ந்தோர் கருத்து. சைவமும் பௌத்தமும் கலந்து விளங்கிய அக்காலத்து வழிபாட்டை நமக்கே உரியதென அவசரப்பட்டு உரிமை கொண்டாடுதல் கூடாது. எனினும், கருவறை அடியில் பொன் இட்டு மூடிய அக்கைகளின் நெறியை நம் ஆலயத் தபதியர் இன்றும் அறிவர்.

அவ்வாண்டின் இறுதியில் ஹாரிசன் ஓய்வுபெற்றார். அவரிடத்தில் காப்பாளராக அமர்ந்தவர் ஈபான் இனத்தைச் சேர்ந்த பெனடிக்ட் சாண்டின். தம் மக்களின் வழிமுறை வரலாற்றை வாய்மொழியாகக் கற்று எழுதிய அவரை அரும்பொருளகத்தில் சேர்த்துப் பயிற்றியவர் ஹாரிசனே. அந்நியர் தொடங்கிய காவல் மண்ணின் மைந்தரிடம் சென்றது. அவர் செய்தவற்றுள் இதனையே நாம் முதலாவதாக வைப்போம்.

1976 ஜனவரியில் தாய்லாந்தில் நேர்ந்த பேருந்து விபத்தில் ஹாரிசன் காலமானார். 2000 ஆம் ஆண்டு தொடங்கிப் பேராசிரியர் கிரேம் பார்க்கர் குழுவினர் நியாவில் மீண்டும் ஆய்ந்து, அம்மண்டையோட்டின் தொன்மை மெய்யே என நிறுவினர். அவர் காலத்தில் ஆய்வுக்கென அமெரிக்காவுக்குச் சென்ற நியாவின் மனித எலும்புகள் 2020 இல் சரவாக் திரும்பின. 2024 ஜூலையில் நியா குகைத்தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.