ஜான் பிரவுனிங்: ஒரு ட்ரிகரை முடிக்காமல் போனவர்



2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன்ஸ் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே, ஞாபகம் இருக்கா? அந்தப் போட்டியில் சுடுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. நம்ம சுண்டு விரல் அளவுகூட இல்லாத குட்டித் தோட்டா. அந்த வகைப் போட்டி ரைஃபிள்களில் ட்ரிகரை 100 கிராம் அளவு விசையிலேயே விடும்படி அமைத்துக்கொள்ள முடியும். அதே தோட்டாவைச் சுடும் சாதாரண ரைஃபிளை எடுத்தால் ட்ரிகரை 2, 3 கிலோ விசையில் இழுக்க வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மெக்கானிக்கல் பசங்க மட்டும் இல்ல, எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள்ள போய் நிப்போம். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். டிகிரி கிடையாது. 128 பேட்டன்ட் உண்டு.

முதலில் அந்தச் சிக்கல்

பெரிய தோட்டாக்களில் பின்பக்க நடுவில் ஒரு சின்ன பிரைமர் இருக்கும். ஊசி அதைத் தட்டினால் போதும். ரிம்ஃபயரில் அது கிடையாது. பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே பரவியிருக்கும். பித்தளை விளிம்பை ஊசி நசுக்கினால்தான் அது பற்றும். நசுக்க வேண்டுமானால் சுத்தியலுக்கு நல்ல வேகம் வேண்டும். வேகத்துக்குப் பலமான ஸ்பிரிங் வேண்டும்.

அந்தச் சுத்தியலைப் பின்னால் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன கொக்கி. அதன் பெயர் சியர். நாம் ட்ரிகரை இழுக்கும்போது, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மாட்டியிருக்கும் அந்தக் கொக்கியை உராய்வோடு போராடி விலக்குகிறோம். ஸ்பிரிங் பலமாக இருந்தால் உராய்வு அதிகம், விரலுக்கு வேலையும் அதிகம். 3 கிலோ எடைகூட இல்லாத ரைஃபிளை 2.5 கிலோ விசையில் இழுத்தால் குறி நகராமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை மெல்லிசா மாத்திடலாமே? அப்ப சில தோட்டா வெடிக்காது. சியர் மாட்டியிருக்கும் அளவைக் குறைச்சிடலாமே? அப்ப துப்பாக்கி கீழே விழுந்தாலே தானா வெடிக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் கிழியும் துணி மாதிரிதான் இது. ட்ரிகரை மேம்படுத்துவது என்று சொல்லும் எல்லா வேலையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ஆக்டன் பட்டறை

1855 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார் ஜான். அப்பா ஜோனத்தன் பிரவுனிங், துப்பாக்கி செய்பவர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பம் இல்லினாயிலிருந்து மாட்டு வண்டிகளில் மேற்கே நகர்ந்து வந்து சேர்ந்த குடும்பம். ஜோனத்தனுக்கு மொத்தம் 22 பிள்ளைகள். (இந்த நம்பர் நம்ம கதையில திரும்பத் திரும்ப வரும், கவனிங்க!)

பட்டறையில் காலால் மிதித்து ஓட்டும் லேத், உலை, அரங்கள். அதுதான் ஜானின் காலேஜ். பத்து வயதில், அப்பா ஊரில் இல்லாத நேரம் பார்த்து, குப்பையில் கிடந்த பழைய குழாயையும் மரத் துண்டையும் வைத்து ஒரு துப்பாக்கி செய்தான். தம்பி மேத்யூவைக் கூட்டிக்கொண்டு போய் அதை வைத்தே பறவை வேட்டையும் ஆடிவிட்டான். அப்பா அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பாராட்டவில்லை. பத்து வயசுப் பையன் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாமே என்கிற தோரணையில் திருப்பிக் கொடுத்தார் என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதை உண்டு. ரிவ்யூவில் கைடு முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையனின் மனசு புரியும்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழுதான துப்பாக்கிகளைச் சரிசெய்து சரிசெய்து, எந்த பாகம் எங்கே உடையும் என்பது அவர் விரலுக்குப் பழகிவிட்டது. 23 வயதில், இத்தனை பாகங்கள் எதற்கு என்று யோசித்துத் தானே ஒரு ஒற்றைத் தோட்டா ரைஃபிளை உருவாக்கினார். லீவரைக் கீழே தள்ளினால் பின்பக்க இரும்புக் கட்டை இறங்கி வழிவிடும். மேலே இழுத்தால் ஏறி அடைத்துக்கொள்ளும். பாகங்கள் குறைவு, பலம் அதிகம். 1879ல் அதற்குப் பேட்டன்ட் கிடைத்தது. அதே வருடம் அவருக்குக் கல்யாணம் ஆனது. அதே வருடம் அப்பாவும் இறந்துபோனார்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு சின்னத் தொழிற்சாலை போட்டார்கள். கையாலேயே அடித்து, கையாலேயே ராவி, சில நூறு ரைஃபிள்கள் செய்தார்கள். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டிங் செக்‌ஷன்ல ஒரு தகட்டைச் சதுரமா ராவ முடியாம நாம முழிச்சோமே, அந்த வேலையைத்தான் அவர்கள் விற்கிற பொருளுக்குச் செய்தார்கள்.

8,000 டாலர்

அந்த ரைஃபிள்களில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனி ஆட்கள் கையில் சிக்கியது. அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய துப்பாக்கிக் கம்பெனி அது. அதன் உயர் அதிகாரி டி.ஜி. பென்னட் 1883ல் கனெக்டிகட்டிலிருந்து ரயில் ஏறி ஆக்டன் வந்து, 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிப் போனார். வின்செஸ்டர் அதை 1885 மாடல் என்று வெளியிட்டது. பெரிய வேட்டைத் தோட்டாவிலிருந்து .22 ரிம்ஃபயர் வரை அத்தனைக்கும் அது கிடைத்தது.

நம்ம ட்ரிகர் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்காக அந்த ரைஃபிளில் செட் ட்ரிகர் என்ற வசதியைக் கூடுதல் காசுக்குக் கொடுத்தார்கள். இது பிரவுனிங்கின் கண்டுபிடிப்பு இல்லை, ஐரோப்பாவில் பல காலமாக இருந்தது. ஆனால் யோசனை அழகானது. சுத்தியலுக்கான பெரிய ஸ்பிரிங் அப்படியே இருக்கும். தனியாக இன்னொரு குட்டி ஸ்பிரிங்கை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவார்கள். விரல் மெல்லத் தொட்டால் குட்டி ஸ்பிரிங் விடுபட்டு, சியரை அது தட்டிவிடும். அதாவது விரல் செய்ய வேண்டிய கடின வேலையை முன்னாடியே சேமித்து வைத்துவிடுகிறோம். தோட்டாவுக்கு வேண்டிய பலமும் குறையவில்லை, விரலுக்கும் சுமை இல்லை. மேலே பார்த்த கிழியும் துணிச் சிக்கலுக்கு இது ஒரு நல்ல தையல்.

முடியாது என்ற ரைஃபிள்

அடுத்து வின்செஸ்டருக்கு ஒரு நல்ல .22 ரிப்பீட்டர் தேவைப்பட்டது. 1873 மாடலையே .22க்கு மாற்றிப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. பிரவுனிங் ஒரு பம்ப் ரைஃபிளை யோசித்தார். முன் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். வரைபடத்தைப் பார்த்த கம்பெனி நிபுணர்கள் இது வேலை செய்யாது என்று எழுதிவிட்டார்களாம். பிரவுனிங் பதில் கடிதத்தில் வாதாடவில்லை. துப்பாக்கியையே செய்து பார்சல் அனுப்பிவிட்டார். வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படும் கதை இது.

அந்தப் பேட்டன்ட் 1888ல் பதிவானபோது அவர் பட்டறையிலேயே இல்லை. இரண்டு வருடம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, சபைப் பணிக்காக ஜார்ஜியா மாநிலத்தில் இருந்தார். 1890 மாடலாக வந்த அந்த ரைஃபிள் 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. கண்காட்சிகளில் காசு கொடுத்துக் குறிசுடும் கடைகளில் எல்லாம் அதுதான்.

பின்னாளில் அவரது இன்னொரு மலிவான .22 ரைஃபிளை அடிப்படையாக வைத்து வின்செஸ்டர் ஒரு வேடிக்கையும் செய்தது. ட்ரிகரையே எடுத்துவிட்டார்கள்! பின்னால் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்த வேண்டும். பின்னால் இழுப்பதால்தானே குறி ஆடுது, இழுக்கவே வேண்டாம்னு ஒரு யோசனை. நிஜமாகவே தயாரித்து விற்றார்கள். ஆனால் மற்ற ரைஃபிள்கள் ட்ரிகரை விட்டுவிடவில்லை.

கையெழுத்து யாருடையது?

சுமார் 19 வருடம் பிரவுனிங் செய்ததை எல்லாம் வின்செஸ்டர் வாங்கியது. ஒரே தொகை, அதோடு கணக்கு முடிந்தது. வாங்கியதில் பலவற்றை அவர்கள் தயாரிக்கவே இல்லை. போட்டிக் கம்பெனி கைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பதே கணக்கு. லட்சக்கணக்கில் விற்ற துப்பாக்கிக்கும் அவருக்கு வந்தது அந்த ஒரே தொகைதான்.

பிறகு அவர் தானியங்கி ஷாட்கன் ஒன்றை உருவாக்கினார். தன் வேலைகளிலேயே மிகவும் கஷ்டப்பட்டது அதற்குத்தான். இந்த முறை விற்பனைக்கு ஏற்ப ராயல்டி கேட்டார். பென்னட் மறுத்தார். பிரவுனிங் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 1902 ஜனவரியில் ரெமிங்டன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்க அலுவலகத்தில் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. வேறு யாராக இருந்தாலும் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போயிருப்பார்கள். இவர் கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். லீஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை ராயல்டிக்குச் சம்மதித்தது.

நாளைக்கு நீங்க ஆஃபர் லெட்டர்ல, இங்க கண்டுபிடிக்கிறது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்ங்கிற வரியைப் படிக்கும்போது இந்த மனிதரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அந்த வரிக்கு விலை எவ்வளவு என்று புரிந்துகொள்ள அவருக்கு 19 வருடம் ஆனது.

ட்ரிகருக்கு மறதி வேண்டும்

1914ல் எஃப்.என். அவருடைய .22 தானியங்கி ரைஃபிளை வெளியிட்டது. கையில் எந்தக் கருவியும் இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாதி ஆயுளைக் கடந்த பிறகும் அவர் அந்தக் குட்டித் தோட்டாவை விடவில்லை.

தானியங்கியில் ட்ரிகருக்குப் புதுச் சிக்கல். சுட்டவுடன் துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆனால் நம் விரல் இன்னும் ட்ரிகரை அழுத்தியபடியேதான் இருக்கும். அப்போது சுத்தியல் மறுபடி விழுந்தால் ஆபத்து. எனவே ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ட்ரிகருக்கும் சியருக்கும் உள்ள தொடர்பு அறுந்து, விரலை விட்ட பிறகே மறுபடி சேர வேண்டும். இதற்காக இருக்கும் குட்டி பாகம்தான் டிஸ்கனெக்டர். நம்ம கீபோர்டுல ஒரு கீயை ஒருமுறை அழுத்தினா ஒரே எழுத்து வரணும்னு எழுதற கோட் மாதிரிதான், ஆனா இரும்பில்.

அதே 1914ல், ஜூன் 28 அன்று, சரயேவோவில் கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டான். கையில் இருந்தது எஃப்.என். தயாரித்த 1910 மாடல் பிஸ்டல். வடிவமைத்தவர் பிரவுனிங். முதல் உலகப் போர் வெடித்தது.

1917ல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது அவருடைய இயந்திரத் துப்பாக்கி சோதனைக்கு வந்தது. நிறுத்தாமல் 48 நிமிடத்துக்கும் மேல் சுட்டுக்கொண்டே இருந்தது. அரசு 7,50,000 டாலர் தர முன்வந்தது. ராயல்டியாகக் கணக்கிட்டால் அதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். ராயல்டிக்காக வின்செஸ்டரையே உதறியவர், இங்கே பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்காட்சியில் சிறுவர்கள் சுட்டு விளையாடிய ரைஃபிளும், போர்முனையில் மனிதர்களை வரிசையாகச் சாய்த்த துப்பாக்கியும் ஒரே மேஜையில், ஒரே அரத்தில் பிறந்தவை. நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் யோசிக்கிற கைக்கு அது எங்கே போய்ச் சேரும் என்பது தெரியாது. தெரியாது என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

முடியாமல் போன ட்ரிகர்

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்த பிரவுனிங்குக்கு நெஞ்சு வலித்தது. மகன் வால் பிரவுனிங்கின் அலுவலக அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 71.

அப்போது அவர் மேஜையில் இருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்ட சூப்பர்போஸ்ட் ஷாட்கன். அது முதலில் இரண்டு ட்ரிகர்களோடுதான் வெளிவந்தது. ஒரே ட்ரிகரில் இரண்டையும் சுடச் செய்வது கேட்க எளிது. ஆனால் முதல் குண்டின் உதைப்பில் நம்மை அறியாமலேயே விரல் இன்னொரு முறை இழுத்துவிடும். ட்ரிகர் அந்தத் தெரியாத இழுப்பை மறந்து, தெரிந்து இழுப்பதை மட்டும் ஏற்க வேண்டும். அந்த ஒற்றை ட்ரிகரை அப்பா போன பிறகு முடித்துக் கொடுத்தவர் வால்.

பத்து வயதில் செய்த துப்பாக்கியைக் காட்டி அப்பாவிடம் பாராட்டு வாங்காத பையன், கடைசியில் தன் மகனுக்கு ஒரு பாதி வேலையை விட்டுப் போனார். எனக்கு என்னவோ, 128 பேட்டன்டைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. தான் போன பிறகும் ஒருத்தர் எடுத்துத் தொடர முடிகிற மாதிரி வேலையை வைத்துவிட்டுப் போவது. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ஜூனியர் பசங்க எடுத்துத் தொடர முடியுமா, இல்ல ரிப்போர்ட்டோட அலமாரியில தூசி படியுமா? யோசிங்க.

கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சுட்டு யாரும் துப்பாக்கி ட்ரிகரைக் கழட்டிப் பார்க்கக் கிளம்பிடாதீங்க. நம்ம நாட்டில் அதற்கு லைசென்ஸ் சட்டம் இருக்கு, அது சரியான சட்டமும்கூட. கை அரிச்சா ஒர்க்‌ஷாப்ல ஒரு அரத்தை எடுங்க, ஒரு தகட்டைச் சதுரமா ராவிப் பாருங்க. அது ஒழுங்கா வந்துட்டாலே பிரவுனிங்கின் அப்பாகூட லேசாத் தலையாட்டுவார்.

அடுத்த இதழில் சந்திப்போம்!