மணலெழுத்தும் ஈய எழுத்தும்

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய மொழி தமிழ். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல். அதன்பின் சில நூல்கள் வெளிவந்தன. 1679இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சானது. அதனை அடுத்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் அச்சு உறங்கிக் கிடந்தது. எழுத்து வார்க்கத் தெரிந்தவர் மறைந்தனர். வார்த்த எழுத்துகளும் பயனற்றுப் போயின. 1713இல் தரங்கம்பாடியில் மீண்டும் தொடங்கிய தமிழ் அச்சு வேரூன்றி நிலைபெற்றது. அதற்குக் காரணமானவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த அவர், தமிழ் எழுத்தின் மாணவராகத் தம் பணியைத் தொடங்கினார்.

இளமையும் பயணமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரை மூத்த தமக்கையார் வளர்த்தார். உடல்நலக் குறைவால் அவரது படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் இறையியல் பயின்றார்.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டவரின் வணிகக் குடியிருப்பாக இருந்தது. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி அவர்கள் அங்குக் கோட்டை கட்டியிருந்தனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு, சமயப் பணிக்காகச் சீகன்பால்குவையும் அவருடைய நண்பர் புளுச்சோவையும் அங்கு அனுப்பினார். 1705 நவம்பரில் புறப்பட்ட கப்பல், 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. வணிகக் குழும அதிகாரிகள் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. ஊர்மக்களின் மொழியோ அவர்களுக்குத் தெரியாது.

மணலில் தொடங்கிய கல்வி

தமிழ் கற்பதற்கு அவர்களிடம் இலக்கண நூலோ அகராதியோ இல்லை. எனவே சீகன்பால்கு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்துமாறு வேண்டினார். ஆசிரியரும் இசைந்தார். சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகினர். பல்கலைக்கழகத்தில் பயின்ற சீகன்பால்கு அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்தார். தம் விரலாலும் மணலில் எழுதினார்.

எழுத்து அறிந்தபின் பொருள் அறிதல் வேண்டும். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அதற்குத் துணைபுரிந்தார். சீகன்பால்கு நாள்தோறும் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முன்பு கற்ற சொற்களைக் காலையில் மீளப் பார்ப்பார். பின்னர்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கச் சுவடிகளைப் படிப்பார். பேச்சு வழக்கை மக்களோடு உரையாடி அறிவார். ஒரு சுவடி விளங்கும் வரை அதனைப் பலமுறை படிக்கச் செய்து கேட்பார்.

ஓலை கற்பித்த பாடம்

இரண்டே ஆண்டுகளில், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றைப் பற்றிய குறிப்புகளுடன் 1708இல் ஒரு பட்டியலை அவர் உருவாக்கினார். திருக்குறளும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

சுவடிகளைத் தொடர்ந்து படித்ததால் ஓலையெழுத்தின் இயல்பு அவருக்குப் புலனாயிற்று. எழுத்தாணி ஓலையில் கீறும். பின்னர்க் கரிப்பூச்சு அக்கீறலைக் கண்ணுக்குக் காட்டும். நரம்பின் போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியக்கூடும். வளைகோடு அதற்கு ஏற்றது. அழுந்தக் குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடா. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். மொழியறிந்தவர் இடம்நோக்கிப் படித்துக்கொள்வர். புதிதாகக் கற்பவர் இடறுவர். சீகன்பால்கு அவ்விடறல்களை எல்லாம் கடந்து வந்தவர்.

ஓலைச் சுவடியைப் படியெடுத்தல் மெல்ல நடைபெறும் வேலை. ஒரு நூலுக்கு மற்றொரு படி வேண்டுமெனில், தேர்ந்த எழுத்தர் ஒருவர் முதல் ஏட்டிலிருந்து மீண்டும் எழுதுதல் வேண்டும். தாம் தொடங்கிய பள்ளிகளில் பயிலும் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் நூல் வழங்க இம்முறை போதாது என்பதைச் சீகன்பால்கு உணர்ந்தார்.

1708 அக்டோபரில் அவர் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த திங்களிலேயே குழும அதிகாரிகளோடு ஏற்பட்ட முரண்பாட்டால் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்து விடுதலை பெற்றவர், விட்ட பணியை மீண்டும் தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். நூல் ஆயத்தமாயிற்று; அதனைப் பல படிகளாக்கும் வழிதான் அவரிடம் இல்லை.

கடல் கடந்த அச்சுப்பொறி

சீகன்பால்குவின் வேண்டுகோளை ஏற்று, இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறி ஒன்றையும் தாள்களையும் ஓர் அச்சுத் தொழிலாளருடன் கப்பலில் அனுப்பியது. வழியில் பிரேசில் நாட்டின் கரையருகே அக்கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பணயப் பொருள் கொடுத்து மீட்டபின் பயணம் தொடர்ந்தது. ஆனால் அச்சுத் தொழிலாளர் வழியிலேயே நோயுற்று இறந்தார். 1712இல் அச்சுப்பொறி மட்டுமே வந்து சேர்ந்தது. அதனுடன் வந்தவை உரோமானிய எழுத்துகள். அவற்றைக் கொண்டு முதலில் போர்த்துக்கீசிய மொழியில் சிறுநூல்கள் அச்சாயின. தமிழ் அச்சுக்குத் தமிழ் எழுத்து வேண்டும்.

ஈய எழுத்தை உருவாக்குதல் எளிய செயலன்று. முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவர். அதனைச் செப்புத் துண்டின்மேல் அடித்து எழுத்தின் பள்ளத்தைப் பெறுவர். அப்பள்ளத்தை வார்ப்புக் கருவியில் பொருத்தி, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் அச்செழுத்து கிடைக்கும். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக ஐம்பத்திரண்டு வடிவங்கள் உள்ளன. தமிழிலோ துணைக்கால், கொம்பு போன்ற குறிகளைத் தனியே வார்த்துச் சேர்த்துக்கொண்டாலும், இகர ஈகார உகர ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டியே நிற்கும். எனவே நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைத் தனித்தனியே செதுக்க வேண்டியிருந்தது.

சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் தமிழ் எழுத்துகளின் மாதிரியை ஹாலே நகருக்கு அனுப்பினர். அங்கிருந்த கைவினைஞர்கள் தமிழை அறியாதவர்கள். எந்தக் கோடு எழுத்துக்கு உயிர்நாடி, எந்த நெளிவு எழுதியவர் கைப்பழக்கம் என்று பிரித்தறிய அவர்களால் இயலாது. எனினும் மாதிரியைப் பார்த்துச் செதுக்கி வார்த்து அனுப்பினர். அவ்வெழுத்துகள் 1713ஆம் ஆண்டின் நடுவில் தரங்கம்பாடிக்கு வந்தன. அவ்வாண்டிலேயே தமிழ்ச் சிறுநூல் அச்சாகி வெளிவந்தது.

எழுத்தைச் சிறிதாக்கிய முயற்சி

மகிழ்ச்சியோடு ஓர் இடரும் வந்தது. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாக இருந்தன. சிறுநூலுக்கு அது குறையன்று. ஆனால் புதிய ஏற்பாடு போன்ற பெருநூலை அவ்வெழுத்தில் அச்சிட்டால் பக்கங்கள் பெருகும். தாளோ ஐரோப்பாவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பலை நம்பியிருந்தது. எழுத்தின் அளவே நூல் வெளிவருமா என்பதை முடிவுசெய்யும் நிலை உருவாயிற்று.

எழுத்தைச் சிறிதாக்குவதிலும் எல்லை உண்டு. ணகரத்தின் சுழிகளும் இகரத்தின் உள்வளைவும் ஓரளவுக்குமேல் சுருங்கினால், அவற்றின் இடைவெளியில் மை தேங்கி எழுத்து கறையாகிவிடும். கோட்டை மெலிதாக்கினால் ஈயம் விரைவில் தேய்ந்து உடையும். தாளைச் சேமிக்கவும் வேண்டும். படிப்பவர் கண்ணை வருத்தாமலும் இருக்க வேண்டும். அச்செழுத்தை வடிவமைப்போர் எக்காலத்தும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

1713இல் செருமனியிலிருந்து வந்த ஆட்லர் என்னும் தொழில்வல்லார் இப்பணியை மேற்கொண்டார். தமிழ் பேசப்படும் மண்ணிலேயே, தமிழ் அறிந்தோர் அருகிலிருந்து பார்க்க, முந்தையவற்றினும் சிறிய எழுத்துகள் உருவாயின. பிழையான வடிவத்தை அன்றே சுட்டவும் மறுநாளே திருத்தவும் வழி பிறந்தது. ஹாலேக்கு மாதிரி அனுப்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியது. 1714இல் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி அச்சாயிற்று. 1715இல் நூல் முழுமை பெற்றது. தாளுக்கும் பிறநாட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்று கருதிப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது. அவ்வாலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அச்சகமோ நிலைத்தது.

நூல் நிறைவுற்றபோது சீகன்பால்கு தரங்கம்பாடியில் இல்லை. 1714 அக்டோபரில் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டிருந்தார்; உடன்பணியாளர் குருண்டலர் அச்சுப் பணியை மேற்பார்வையிட்டார். பயணத்தின்போது ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூலைச் சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் வெளியிட்டார். தமக்குக் கிடைக்காத கருவியை அடுத்து வரும் மாணவர்க்கு அவ்வாறு ஆக்கித் தந்தார்.

அச்சேறாத நூல்

சீகன்பால்கு எழுதியவை அனைத்தும் அச்சேறவில்லை. தமிழ்நாட்டு மக்களின் வழிபாட்டையும் தெய்வங்களையும் பற்றி, சுவடிகளில் கற்றும் மக்களிடம் கேட்டும் அவர் ஒரு விரிவான நூலை 1713இல் செருமானிய மொழியில் எழுதி முடித்தார். கையெழுத்துப்படியை ஹாலேக்கு அனுப்பினார். பிற சமயத்தாரின் நம்பிக்கைகளைப் பரப்புவது தம் பணியன்று எனக் கருதிய பிராங்கே அதனை வெளியிட மறுத்தார். அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. ஆசிரியர் மறைந்து அப்போது 148 ஆண்டுகள் கடந்திருந்தன.

அச்சுக்கருவி கைக்கு வந்தால் மட்டும் போதாது. எது அச்சேறத் தக்கது என்று முடிவுசெய்யும் உரிமையும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சீகன்பால்கு திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கும் அந்நாளில் அச்சேறும் வாய்ப்பு கிட்டவில்லை. தரங்கம்பாடி அச்சகத்தின் நோக்கம் சமயப்பணியே. அவர் பட்டியலில் இடம்பெற்ற திருக்குறள் தமிழில் அச்சாக 1812 வரை காத்திருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்களுக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின், நம்மவர் அச்சகங்கள் பெருகின. ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரனார், உ.வே. சாமிநாதர் முதலானோர் ஏட்டிலிருந்த இலக்கண இலக்கியங்களை அச்சுக்குக் கொண்டுவந்து காத்தனர்.

மறைவும் தொடர்ச்சியும்

1716இல் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சீகன்பால்கு, அங்குப் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. ஓயாத உழைப்பாலும் நோயாலும் நலிந்த அவர், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஓலையிலிருந்து ஈயத்துக்கு வந்த தமிழ் எழுத்து அதன்பின்னும் மாறிக்கொண்டே வந்தது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்காதவாறு வடிவம் தந்த பெருமை வீரமாமுனிவருக்கு உரியதாகக் கூறப்படுகிறது. அச்சுக்கோப்போரின் சுமையைக் குறைக்கும் வகையில் தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். அவற்றுள் சிலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. இன்று மாணவர் படிக்கும் ணை, லை, னா, றா ஆகியவற்றின் வடிவங்கள் அம்மாற்றத்தால் வந்தவை.

இன்று ஈயம் மறைந்து, கணினியில் எழுத்துருக்கள் உருவாகின்றன. கைப்பேசியின் சிறு திரையில் ணகரச் சுழி அடைபடாமலும், கொம்பும் காலும் நெருங்கி மயங்காமலும் இருக்க, எழுத்துருவை வடிவமைக்கும் இளைஞர் பலமுறை வரைந்து பார்க்கின்றனர். எழுத்தின் எந்த வளைவு இன்றியமையாதது, எதனைக் குறைத்தாலும் படிப்பவர் இடறமாட்டார் என்பதை அறிய அவர்களுக்கும் ஒரே வழிதான் உண்டு: வடிவமைக்கும் முன்னர் அவ்வெழுத்தைத் தம் கையால் எழுதிப் பழகுதல்.