டீசல் என்று ஒரு மனிதர்



போன வருஷம் நம்ம விளையாட்டு மைதானத்தைச் சமன் செய்ய ஒரு புல்டோசரும் ரோடு ரோலரும் வந்தது ஞாபகம் இருக்கும். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ஓடிப்போய் வேடிக்கை பார்த்தோம். எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. எங்க அப்பா மம்பட்டி பிடிப்பவர். ஏரிக்கரை, வாய்க்கால் வேலைக்கு இருபது பேர் சேர்ந்து ஒரு வாரம் வெட்டுகிற மண்ணை, இப்படி ஒரு மெஷின் ஒரே காலையில் தள்ளிவிட்டுப் போனதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அப்பாவுக்கு வேலை குறைந்துபோச்சு.

அந்த மெஷினின் உயிர் டீசல் இன்ஜின். டீசல் என்றால் எண்ணெய் என்றுதான் இங்கே சேரும்வரை நானும் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர்!

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாக்காரர்கள். அப்பா தோல் சாமான் செய்யும் தொழிலாளி. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஊரைவிட்டு லண்டன் போன குடும்பம், பன்னிரண்டு வயசுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகர உறவினர் வீட்டுக்கு அனுப்பியது. அந்த உறவினர் கணக்கு வாத்தியார். பையன் படிப்பில் முதலாவதாக வந்தான்.

1875-ல் உதவித்தொகையோடு ம்யூனிக் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஆமாம், அவரும் பாலிடெக்னிக்தான்! பெற்றோருக்கு இஷ்டமில்லை. வேலைக்குப் போனால் நாலு காசு வருமே என்று நினைத்தார்கள். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதானே? 1879-ல் டைபாய்டு வந்து, கூடப் படித்தவர்களோடு பரீட்சை எழுத முடியவில்லை. காத்திருந்த நாளை வீணாக்காமல் சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் கைவேலை கற்றார். 1880 ஜனவரியில் மிகச் சிறப்பாகத் தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

அவருடைய பேராசிரியர் கார்ல் வான் லிண்டே. நீராவி இன்ஜினில் எரியும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்று அவர் நடத்திய பாடம் டீசலின் மனசில் முள்ளாகத் தைத்தது. அம்மோனியாவை வைத்து ஒரு இன்ஜின் செய்து பார்த்தார். அது வெடித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனாலும் விடவில்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடும் அல்லவா? காற்றை அமுக்கினால் சூடேறும். இன்னும் பலமாக அமுக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கே வேண்டாம். இதுதான் அவர் யோசனை. 1893-ல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் தாங்காமல் அளவு கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் தானாக ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிஷம், 88 சுற்று! 1897-ல் நடந்த அதிகாரபூர்வ சோதனையில் 26.2 சதவீதம் திறன் காட்டியது.

பெரிய நீராவி இன்ஜின் முதலாளிகளுக்குத்தான் கட்டுப்படியாகும். தன் இன்ஜினால் சின்னப் பட்டறைக்காரனும் தலைநிமிர்ந்து நிற்கணும் என்பது டீசலின் ஆசை. ஆனால் 1897-ல் ஓடிய இன்ஜின் சுமார் 3 மீட்டர் உயரம். எண்ணெயை ஊதித் தெளிக்க ஒரு கம்ப்ரசரும் வேண்டும். அதனால் அது ஆலைக்கும் கப்பலுக்கும் போனது, ஏழைப் பட்டறைக்குப் போகவில்லை.

வழக்குகள், உடல்நலக் குறைவு, முதலீட்டில் நஷ்டம் என்று அவருக்குக் கடன் ஏறியது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்தவர் காலையில் இல்லை. பல நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலை, சட்டைப்பையில் இருந்த சாமான்களை வைத்து மகன் அடையாளம் சொன்னார். வயசு 55. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

1927-ல் பாஷ் கம்பெனியின் இன்ஜெக்‌ஷன் பம்ப் வந்தது. கம்ப்ரசர் தேவையில்லை, இன்ஜின் சிறுத்தது. 1931-ல் கேட்டர்பில்லர் கம்பெனி சங்கிலிச் சக்கர டிராக்டரில் அதைப் பொருத்தியது. பிறகு புல்டோசர், ரோடு ரோலர், கலவை மெஷின் என்று வெளிவேலை எல்லாவற்றிலும் புகுந்தது. எங்க ஊர்க் கிணற்றில் சின்ன விவசாயிக்குத் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும் இதே வம்சம்தான். அதைப் பார்த்திருந்தால் டீசல் சந்தோஷப்பட்டிருப்பார். அப்பாவின் வேலை போனதைப் பார்த்திருந்தால்?

தீபாவளி லீவில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். அந்த ஆள் கையில் ஸ்பானர் பிடித்தவரா என்று மட்டும் கேட்டார். சுவிட்சர்லாந்து சமாச்சாரத்தைச் சொன்னேன். அப்படின்னா சரி, நீயும் பிடி என்று எழுந்து போய்விட்டார்.

மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது நண்பர்களே. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிப்ளமோ முடித்து நான் அப்படி ஒரு மெஷினோடு வேலை செய்யும் நாளில், அப்பாவோடு மண் வெட்டியவர்களின் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பேன். டீசலுக்கு நான் செலுத்தும் மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.