கருமாதி முடிந்து 12 ஆண்டு கழித்து வீடு திரும்பிய ஜமீன்தார்

வேறொருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் நுழையும் ஆளைப் பற்றிய கதைகளைத் தொலைக்காட்சித் தொடர்களிலும் படங்களிலும் நிறையப் பார்த்துவிட்டோம். கடைசிப் பகுதிக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். வங்காளத்தில் உண்மையாகவே நடந்த ஓர் ஆள்மாறாட்ட வழக்கு முடிய 1946 வரை ஆனது. வந்தவர் அசல்தான் என்று மூன்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் கட்டிய மனைவி ஏற்கவில்லை. பவால் சந்நியாசி வழக்கு என்று அதற்குப் பெயர்.

பவால் இன்று பங்களாதேஷின் காஜிப்பூர் மாவட்டத்தில், டாக்காவுக்கு வடக்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா லெம்பு ரோடு பக்கம் கூடும் பங்களாதேஷ் ஊழியர்களிடையே அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால், அவருக்கு இது பாட்டி சொன்ன கதையாகவே இருக்கும்.

ராமேந்திர நாராயண் ராய் 1884ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி ஜெயதேவ்பூர் அரண்மனையில் பிறந்தார். மூன்று ஆண் பிள்ளைகளில் நடுப்பிள்ளை. அதனால் ஊரார் அவரை மெஜோ குமார், அதாவது இரண்டாவது குமாரர் என்றே அழைத்தனர். ஜமீனின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாய். தந்தை 1901இலும் தாய் 1907இலும் இறந்துவிட, சொத்து மூன்று சகோதரர்களுக்கும் வந்தது. ராமேந்திராவுக்குப் படிப்பு ஏறவில்லை. யானை, குதிரை, வேட்டை, ஆடல்பாடல் என்று பொழுதைப் போக்கினார். 1902இல் விபாவதி தேவியைத் திருமணம் செய்துகொண்டார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 13 அளவில்தான் இருக்கும். பிள்ளை இல்லை. கணவரோ வெளியே திரிந்து பால்வினை நோயை வாங்கிக்கொண்டார். கை கால்களில் புண்கள் வந்தன.

1909 ஏப்ரலில், காற்று மாற்றத்துக்காக என்று அவரை டார்ஜிலிங் மலைக்கு அழைத்துப் போனார்கள். மனைவி, மனைவியின் அண்ணன் சத்தியேந்திரநாத், குடும்ப மருத்துவர் ஆசுதோஷ், வேலையாட்கள் உடன் சென்றனர். தங்கிய வீட்டின் பெயர் ஸ்டெப் அசைட். (பின்னாளில், 1925இல், தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் காலமானதும் இதே வீட்டில்தான்.) மே 8ஆம் தேதி, குமார் வயிற்று நோயால் இறந்துவிட்டார், தகனமும் முடிந்தது என்று ஊருக்குச் சேதி வந்தது. அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. விபாவதி வெள்ளைப் புடவை உடுத்தி விதவையானார். 30,000 ரூபாய் ஆயுள் காப்புறுதிப் பணமும் பெறப்பட்டது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் அண்ணனும் தம்பியும் பிள்ளையில்லாமல் இறந்தனர். அரண்மனையில் மூன்று இளம் விதவைகள்தான் மிச்சம். ஜமீனை அரசாங்கத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எடுத்துக்கொண்டது. விபாவதி தம் அண்ணனோடு கல்கத்தாவில் குடியேறினார். அவர் பங்குப் பணம் மாதாமாதம் அங்கே போனது. வரவு செலவையெல்லாம் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார்.

குமாரின் உடல் எரியவே இல்லை என்ற பேச்சு மட்டும் ஊரில் ஓயவில்லை.

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்கா ஆற்றங்கரையில் ஒரு சந்நியாசி வந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் திருநீற்றுச் சாம்பல், சடைமுடி, இடுப்பில் சிறு துணி. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அதே இடம். இந்தியில் ஒன்றிரண்டு வார்த்தைகள் பேசுவார். பார்த்துவிட்டுப் போனவர்கள், இவர் மெஜோ குமார் சாயலில் இருக்கிறாரே என்றார்கள். ஏப்ரலில் அவரை யானை மீது ஏற்றி ஜெயதேவ்பூருக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே குமாரின் அக்காள் ஜோதிர்மயி தேவி அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். சாதத்தைப் பிசையும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தனியே நீட்டிக்கொண்டிருந்ததை அக்காள் கவனித்தார். தம்பிக்கும் அதே பழக்கம். கண், காது, பாதம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பழைய புகைப்படங்களைக் காட்டியபோது சந்நியாசி அழுதார். ஆனாலும், நான் யாருமில்லை, துறவி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் தோட்டத்து மூத்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களை எதிர்பார்த்து 1945க்குப் பிறகு லயத்து வாசலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் புகைப்படம் ஏது? நடையும் குரலும் சாப்பிடும் விதமும்தான் அடையாளம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அடையாள அட்டை என்ற ஒன்று வந்ததே 1948இல்தான்.

1921 மே 4ஆம் தேதி ஊர் கூடி நெருக்கியது. பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார்கள். ராமேந்திர நாராயண் என்றும், ராஜா ராஜேந்திர நாராயணின் மகன் என்றும் பதில் வந்தது. கூட்டத்தில் ஒருவர், அந்தப் பெயர்கள் யாருக்கும் தெரிந்தவைதானே, பாலூட்டிய செவிலித் தாயின் பெயரைச் சொல்லட்டும் என்றார். அலகா என்றார் சந்நியாசி. கூட்டம் ஆர்ப்பரித்தது. குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து காணிக்கை வைத்தார்கள்.

அவர் சொன்ன கதை இதுதான். டார்ஜிலிங்கில் மருந்து என்று கொடுத்ததைக் குடித்து மயங்கிப்போனார். இறந்துவிட்டதாக எண்ணி இரவோடு இரவாகச் சுடலைக்குத் தூக்கிப் போனார்கள். பெருமழை பிடித்துக்கொள்ளவே, தூக்கி வந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். அந்த நேரத்தில் நாகா சாதுக்கள் சிலர் முனகல் கேட்டு அவரை எடுத்துப்போய்க் காப்பாற்றினார்கள். பழைய நினைவு போய்விட்டது. சாதுக்களோடு ஊர் ஊராக அலைந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு டாக்கா என்ற பெயர் நினைவில் எழ, குரு அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். மழைக்குப் பின் திரும்பி வந்தவர்கள், உடலைக் காணாமல் மறுநாள் காலை வேறொரு பிணத்தை மூடி எரித்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பு.

அரசாங்கம் இதை நம்பவில்லை. 1921 ஜூன் 3ஆம் தேதி, இவர் போலி, இவருக்கு வரி கட்டக் கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் 1922இல், குமாரின் வயது முதிர்ந்த பாட்டி சத்தியபாமா தேவி அவரைப் பேரன் என்று ஏற்றார். அந்த ஆண்டு இறுதியில் பாட்டி காலமானபோது திதி கொடுத்தவர் இவர்தான். விபாவதியும் அவர் அண்ணனும் மட்டும் அசையவில்லை.

1930 ஏப்ரலில் டாக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. விசாரணை 1933 நவம்பரில் நீதிபதி பன்னாலால் பாசு முன்னிலையில் தொடங்கியது. இங்கே சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசு முதன்முதலாக அச்சேறியபோது, அங்கே இன்னும் சாட்சிகள் வந்துகொண்டிருந்தனர். மொத்தம் 1,500க்கும் மேற்பட்டவர்கள் சாட்சியம் சொன்னார்கள்.

குற்றவாளிகளின் விரல் ரேகையைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் உலகிலேயே முதன்முதலாக 1897இல் கல்கத்தாவில்தான் அமைந்தது. ஆனால் ஜமீன் வீட்டுப் பிள்ளையிடம் யார் ரேகை எடுத்திருப்பார்கள்? அதனால் உடம்பையே பத்திரமாகப் படித்தார்கள். இடது கணுக்காலில் வண்டிச் சக்கரம் ஏறிய தழும்பு, கையில் புலி நகம் பட்ட வடு, செதில் செதிலான பாதத் தோல், மச்சங்கள், ஆறாம் எண் காலணி அளவு. எல்லாம் பொருந்தின. டார்ஜிலிங்கில் 1909 மே மாதம் அந்த இரவில் மழை பெய்ததா என்பதற்கு மழையளவுக் குறிப்பேடுகள்கூட நீதிமன்றத்துக்கு வந்தன.

எதிர்த்தரப்பு, இவர் லாகூர்ப் பக்கத்துப் பஞ்சாபிக் குடியானவர், பெயர் மால் சிங் என்றது. அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தது. உண்மையான குமார் ஆங்கிலம் அறிந்தவர், நாகரிகமான கனவான், மேல்நாட்டு உடைகளும் விளையாட்டுகளும் பழகியவர் என்று ஒரு சித்திரத்தை எழுப்பி, அதை வைத்துச் சந்நியாசியைக் குறுக்கு விசாரணை செய்தது. அவருக்கு ஆங்கில உடைகளின் பெயரும் தெரியவில்லை, விளையாட்டுச் சொற்களும் தெரியவில்லை. போலி மாட்டிக்கொண்டான் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நீதிபதி பாசு பழைய ஆதாரங்களைப் புரட்டிப் பார்த்து, அசல் குமார் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாதவர் என்று கண்டார். எழுதப் படிக்கத் தெரியாத முரட்டு இளைஞனைப் படித்த கனவானாக்கியது எதிர்த்தரப்பின் வேலை. சந்நியாசி திருதிருவென்று விழித்ததே அவருக்குச் சாதகமாகிவிட்டது.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். ஆள்மாறாட்டம் என்று குற்றம் சாட்டியவர்கள், செத்துப்போனதாகத் தாங்கள் சொன்ன மனிதரையே வேறு ஆளாக மாற்றினார்கள்.

விபாவதியும் கூண்டேறினார். கணவரோடு வாழ்ந்தது ஏழு ஆண்டுகள். அந்த ஏழிலும் அவருக்குக் கிடைத்த மரியாதை குறைவு. எதிரே இருப்பவர் என் கணவர் அல்ல என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக நின்றார். அவர் அண்ணனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்பது நீதிபதியின் கருத்து. அது மட்டும்தானா? ஏற்றுக்கொண்டால், அண்ணன் குற்றவாளிக் கூண்டுக்குப் போகலாம். தாம் இருந்த வீட்டிலேயே கணவருக்கு நஞ்சு போனது என்றாகும். 12 ஆண்டு நோன்பும் பொருளற்றுப் போகும். அல்லது, அவர் பார்த்த முகம் உண்மையாகவே அந்நியமாக இருந்திருக்கலாம். நஞ்சு வைத்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

1936 ஆகஸ்ட் 24ஆம் தேதி பாசு தீர்ப்பளித்தார். வாதி ராமேந்திர நாராயண்தான். ஜமீனில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு உரியது. மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. மூன்று நீதிபதிகளில் பிஸ்வாஸ் குமார் பக்கம், லாட்ஜ் எதிர்ப் பக்கம். மூன்றாமவரான காஸ்டெல்லோ போர் காரணமாக இங்கிலாந்திலிருந்து திரும்ப முடியாமல், தம் தீர்ப்பை அங்கிருந்து எழுதியனுப்பினார். அதுவும் குமார் பக்கம். 1940இல் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது.

பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். சிங்கப்பூரின் வழக்குகளுக்கும் 1994 வரை அதுவே கடைசிப் படி என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். மூவர் அமர்வில் ஒருவர் முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி முடிவு செய்த உண்மைகளில் தலையிடுவதில்லை என்று கூறி, 1946 ஜூலை 30ஆம் தேதி விபாவதியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். இந்திய நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

வெற்றிச் செய்தி கல்கத்தாவுக்கு வந்ததும், குமார் காளி கோயிலுக்கு வழிபடப் போனார். அங்கேயே பக்கவாதம் தாக்கியது. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. வயது 62.  ஆகஸ்ட் 13ஆம் தேதி காரியம் நடந்தது. ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை.

சட்டப்படி விபாவதி இப்போதுதான் விதவை. அந்த உரிமையில் ஜமீனிலிருந்து பெருந்தொகை அவருக்கு வரவேண்டியிருந்தது. பணத்தை வாங்கினால் 1946இல் இறந்தவர் தம் கணவர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கூறி, அவர் அதைப் பெற மறுத்துவிட்டார்.

1975இல் உத்தம் குமார் நடித்த சன்யாசி ராஜா உட்பட, இந்தக் கதை வங்காளத்தில் சினிமாவாகவும் வந்தது. ஜெயதேவ்பூர் அரண்மனை இப்போது காஜிப்பூர் மாவட்ட நிர்வாக அலுவலகமாக இயங்குகிறது.