பந்தயக் களத்தின் வாயிலைத் திறந்த கரிவரதன்

ஓட்டப் பந்தயத்தில் வெல்ல நினைப்பவனுக்கு நல்ல கால்களும் விடாமுயற்சியும் இருந்தால் போதும். நீந்தப் பழகுபவனுக்கு ஊர்க் கிணறு போதும். கார்ப் பந்தயம் அப்படிப்பட்டதன்று. அங்கே திறமைக்கு முன்பாகப் பணம் வந்து நிற்கும். காரில்லாதவன் எவ்வளவு திறமைசாலியாயினும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நம் நாட்டில் அந்த வேலியில் ஒரு வாயிலைத் திறந்து வைத்த பெருமை கோயம்புத்தூர் தந்த சுந்தரம் கரிவரதனுக்கு உரியது.

அவர் 1954 ஆம் ஆண்டு பிறந்தார். பஞ்சாலைத் தொழிலில் புகழ்பெற்ற இலட்சுமி மில்ஸ் குடும்பம் அவருடையது. கோவை வெறும் ஆலை நகரம் மட்டுமன்று. வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் நிறைந்த ஊர். தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் மின்சார மோட்டார்களையும் தாமே செய்து பார்த்துக் கைதேர்ந்த தொழிலாளர்கள் அங்கே ஏராளம். எந்தப் பொறியையும் பிரித்துப் பார்த்து, அதுபோல் ஒன்றை நாமும் செய்தால் என்ன என்று கேட்பது அந்த மண்ணின் இயல்பு. கரிவரதனிடம் அந்த இயல்பு மிகுதியாகவே இருந்தது.

அக்காலத்தில் தென்னாட்டின் பந்தயக் களம் சென்னைக்கு அருகே சோழவரத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. செல்வர்களும் அரச குடும்பத்தாரும் வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தயக் கார்களில் அங்கே பறப்பார்கள். ஏனையோர் அம்பாசிடரையும் பியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் மாற்றியமைத்து ஓட்டுவார்கள். கரிவரதனும் சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர்தான். வசதி படைத்த வீட்டுப் பிள்ளையாகிய அவர் தம் வெற்றி ஒன்றையே கருதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கருத்தோ, பிறர் ஓட்டுவதற்கான கார்களைச் செய்வதில் சென்றது.

1983 இறுதியில் மாருதி 800 கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. திறன் சுமார் நாற்பது குதிரைச் சக்தி. பந்தயத்துக்கு இது மிகச் சிறிது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த எஞ்சின் இலேசானது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாய் இணைந்தவை. முன்சக்கரங்களை இயக்க அமைந்த அந்தத் தொகுதியை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினால், பின்சக்கரங்களை இயக்கும் பந்தயக் கார் ஒன்று உருவாகும். இவ்வாறு மாருதியின் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டுமே அமரும் சிறிய பந்தயக் காரைக் கரிவரதன் கோவையில் உருவாக்கினார். 1980களின் பிற்பகுதியில் பிறந்த இந்த வகைக்குப் பார்முலா மாருதி என்று பெயர்.

இதன் சிறப்பு வேகத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதில்தான் இருக்கிறது. பணம் படைத்தவன் பெரிய எஞ்சினை வாங்கி முந்திவிட முடியாது. வளைவில் எங்கே பிரேக் மிதிப்பது, எப்போது விடுவது, முன்னே செல்பவனை எந்த இடத்தில் கடப்பது என்பவையே வெற்றியை முடிவு செய்யும். உதிரிப் பாகம் பழுதானால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். இதனால் பந்தயம் இலவசமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டயருக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. ஆயினும் எட்டாக் கனியாக இருந்தது எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு இறங்கியது.

1990 இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1992 இல் பதினைந்து வயதுக் கோவைச் சிறுவன் ஒருவன் அங்கே பார்முலா மாருதி காரில் தன் முதற் பந்தயத்தை ஓட்டினான். அவன் பெயர் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் அவனுக்கு வழிகாட்டியாய் நின்றார். 1994 இல் நரேன் பிரிட்டனில் பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பந்தயப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

நட்ட செடி பூத்ததைக் கரிவரதன் கண்டார். அது காய்த்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் ஒரு விமான விபத்தில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயதுதான். பத்தாண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில் மெல்போர்னில் நரேன் பார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கினார். அவ்வாறு களமிறங்கிய முதல் இந்தியர் அவரே.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் அமைந்த பந்தயத் தடம் கரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே வகைக் கார்களில் இளைஞர்கள் அங்கே பந்தயம் பழகிவருகிறார்கள்.

ஊரை விட்டு வந்து பொறியியலும் பிற கலைகளும் பயிலும் நமக்கு இவ்வாழ்க்கையில் ஒரு பாடம் உண்டு. கிடைக்காத பொருளை எண்ணி ஏங்குவோர் பலர். கடைத்தெருவில் கிடைத்த சிறு எஞ்சினை வைத்துக்கொண்டு பலருக்கு வழி செய்தவர் கரிவரதன். தாம் முந்துவதைவிடப் பிறரும் ஓடுவதற்குக் களம் அமைப்பது பெரிது என்பதை அவர் செய்து காட்டிச் சென்றார்.